இரவல் தோல்விகள்: டேட்டன் ரென்ஸ் யாருடைய கணக்கில்?

1948–49ஆம் ஆண்டுப் பருவத்துக்கான அமெரிக்க தேசியக் கூடைப்பந்து லீக்கின் இறுதிப் பட்டியலில், கிழக்குப் பிரிவின் கடைசி வரி இது: டெட்ராய்ட் வேகபாண்ட் கிங்ஸ் / டேட்டன் ரென்ஸ், வெற்றி 16, தோல்வி 43. இதை வாசிப்பவர், ஒன்பது இடங்கள் கொண்ட அந்த லீக்கில் எல்லோரையும்விட மோசமாக ஆடிய அணி இதுதான் என்று எண்ணிக் கடந்துவிடுவார். இரண்டு பெயர்களுக்கு நடுவில் கிடக்கும் சாய்கோட்டை நின்று பார்ப்பவர் குறைவு. இந்தப் பதிவு அந்தச் சாய்கோட்டைப் பற்றியது.

கோட்டின் இருபுறமும் இருப்பவை ஒரே அணியின் இரு பெயர்கள் அல்ல. டெட்ராய்ட் அணி 19 ஆட்டங்களில் 2 வென்று 17 தோற்ற நிலையில், 1948 டிசம்பரில், பருவத்தின் நடுவிலேயே கலைந்துபோனது. காலியான இடத்தை நிரப்ப ஓஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் வேறோர் அணி அமர்த்தப்பட்டது. ஆட்டக்காரர் வேறு, பயிற்சியாளர் வேறு, உரிமையாளர் வேறு, ஊரும் வேறு. ஆனால் அந்த இடம் வெறும் இடமாக வரவில்லை. முன்னவரின் 17 தோல்விகளும் கூடவே வந்தன. ரென்ஸ் தாமே ஆடியவை 40 ஆட்டங்கள். வென்றவை 14, தோற்றவை 26.

கணக்கைப் பிரித்துப் பாருங்கள். ரென்ஸ் அணியின் சொந்த வெற்றி விகிதம் 35 விழுக்காடு. அதே பிரிவின் ஹேமண்ட் அணி 21–41 என்ற கணக்கில் ஏறக்குறைய 34 விழுக்காடு. மேற்குப் பிரிவின் டென்வர் அணி 18–44 என்ற கணக்கில் 29 விழுக்காடு. அதாவது, தன் கணக்கை மட்டும் சுமந்திருந்தால் ரென்ஸ் கடைசி அணியே அல்ல. சாய்கோட்டால் சேர்த்தபின் விகிதம் 27 விழுக்காடாக இறங்குகிறது. கடைசி இடம் உறுதியாகிறது. எண்களில் ஒன்றுகூடப் பொய்யில்லை. பொய் இருப்பது வரியின் எழுவாயில்.

யார் இந்த ரென்ஸ் என்பதை அறிந்தால்தான் இந்த எழுவாய்ச் சிக்கலின் கனம் புரியும். கரீபியத் தீவான செயின்ட் கிட்ஸில் பிறந்து நியூயார்க்கில் குடியேறிய ராபர்ட் டக்ளஸ், 1923இல் ஹார்லெமில் ஒரு தொழில்முறைக் கூடைப்பந்து அணியைத் தொடங்கினார். ஆட்டக்காரர் அனைவரும் கறுப்பர், உரிமையாளரும் கறுப்பர். ஆடுவதற்கு இடம் வேண்டியிருந்தது. ரெனசான்ஸ் கேசினோ என்ற நடன அரங்கின் உரிமையாளருடன் ஓர் உடன்பாடு ஏற்பட்டது: அரங்கில் ஆட இடம், பதிலுக்கு அணிக்கு அரங்கின் பெயர். இவ்வாறு பிறந்ததே நியூயார்க் ரெனசான்ஸ். ஹார்லெம் மறுமலர்ச்சி எனப்படும் இலக்கிய இயக்கத்தின் பெயரை அணி சூடிக்கொண்டது என்று பலர் எழுதுகின்றனர். உண்மையில் அது ஒரு கட்டடத்துக்கான விளம்பரம். ஆயினும் மக்கள் நாவில் ‘ரென்ஸ்’ என்று சுருங்கிய அந்தப் பெயர், கால் நூற்றாண்டில் கட்டடத்தையும் விளம்பரத்தையும் கடந்து தனக்கென ஒரு பொருளைப் பெற்றுவிட்டது.

அந்தப் பொருளை ஈட்டித் தந்தவை ஆட்டங்கள். வெள்ளையர் லீக்குகளில் இடமில்லாததால் ரென்ஸ் ஊர் ஊராகச் சென்று ஆடியது. இரவு ஓர் ஊரில் ஆட்டம் முடிந்ததும், தங்க விடுதியும் உண்ண உணவகமும் தர மறுத்த ஊர்களைக் கடந்து, பேருந்திலேயே உண்டு உறங்கி, அடுத்த ஊரில் மறுநாள் ஆட வேண்டும். இந்நிலையில் 1932–33 பருவத்தில் அவ்வணி தொடர்ச்சியாக 88 ஆட்டங்களை வென்றது. எதிரணிகளின் தரம் ஒரே சீராக இராத அந்தச் சுற்றுப்பயண ஆட்டங்களையும் இன்றைய லீக் ஆட்டங்களையும் ஒரே தராசில் வைக்க முடியாது. என்றாலும் அளவை உணர ஒரு குறிப்பு: என்.பி.ஏ.வின் நெடிய தொடர்வெற்றி, 1971–72இல் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் ஈட்டிய 33.

1939இல் சிக்காகோவில் உலகத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டி முதன்முறையாக நடந்தது. வெள்ளை அணிகளும் கறுப்பு அணிகளும் அதில் மோதின. இறுதியாட்டத்தில் தேசியக் கூடைப்பந்து லீக்கின் வலிமை வாய்ந்த ஆஷ்காஷ் ஆல்-ஸ்டார்ஸ் அணியை ரென்ஸ் 34–25 என்ற புள்ளிக்கணக்கில் வென்றது. வெற்றியின் நினைவாக ஆட்டக்காரர்களுக்கு மேலங்கிகள் அளிக்கப்பட்டன. அவற்றில் ‘கறுப்பின உலகச் சாம்பியன்கள்’ என்ற பொருளில் எழுத்துகள் தைக்கப்பட்டிருந்தன. அணியின் இளம் ஆட்டக்காரர் ஜான் ஐசக்ஸ் ஒரு சவர அலகை எடுத்து, முதற்சொல்லை மட்டும் வெட்டி எடுத்தார். அங்கி பாழாகிறதே என்று கவலைப்பட்டாராம் டக்ளஸ். பாழாகவில்லை, சரியாகிறது என்பதே ஐசக்ஸின் எண்ணம். பிற்காலத்தில் இதை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

மொழியியல் பயின்றவர்கள் இந்தச் செயலைப் பெயரடை நீக்கம் என்று அழைக்கலாம். பெயரடை ஒரு பெயரின் பொருளைக் குறுக்குகிறது. ‘உலகச் சாம்பியன்’ என்பது எல்லோரையும் வென்றவர். ‘கறுப்பின உலகச் சாம்பியன்’ என்பது ஒரு வட்டத்துக்குள் வென்றவர். ஐசக்ஸ் வென்றது எல்லோரையும். அங்கியின் வாசகம் நிகழ்ந்ததைக் குறைத்துச் சொன்னது. அவர் அதைத் திருத்தினார். பட்டியல்களில் தைக்கப்பட்ட சொற்களை வெட்டி எடுப்பது அவ்வளவு எளிதல்ல.

இனி 1948க்கு வருவோம். அந்த ஆண்டு ஏப்ரலில் அதே சிக்காகோ போட்டியின் இறுதியாட்டத்தில் ஜார்ஜ் மைக்கனின் மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியிடம் ரென்ஸ் 75–71 என்று தோற்றது. லேக்கர்ஸ் அப்போது தேசியக் கூடைப்பந்து லீக்கின் அணி. 1937இல் தோன்றிய அந்த லீக்குக்கு 1946 முதல் ஒரு போட்டியாளர் இருந்தது. அதுவே அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கம், சுருக்கமாக பி.ஏ.ஏ. பெருநகரங்களின் பெரிய அரங்குகள் அதன் கையில் இருந்தன. 1948 கோடையில் லேக்கர்ஸ், ரோச்செஸ்டர், ஃபோர்ட் வேன், இண்டியானாபொலிஸ் ஆகிய நான்கு அணிகளை அது தன்பக்கம் இழுத்துக்கொண்டது. வலுவிழந்த பழைய லீக் புதிய அணிகளைத் தேடியது. கிடைத்தவற்றுள் ஒன்றே டெட்ராய்ட். அதுவும் டிசம்பரில் விழுந்தபோதுதான் ரென்ஸ் நினைவுக்கு வந்தது. கதவு திறந்தது உண்மை. வீடு சரிந்துகொண்டிருந்தபோது திறந்தது என்பதும் உண்மை.

இவ்வாறு, வெள்ளை அணிகளால் ஆன ஒரு பெரிய தொழில்முறை லீக்கில் இடம்பெற்ற முதல் முழுக் கறுப்பின அணியாக டேட்டன் ரென்ஸ் ஆனது. ‘பாப்’ என்று அறியப்பட்ட வில்லியம் கேட்ஸ் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்தார். ஜார்ஜ் குரோ, ஹாங்க் டிசோனி போன்றோர் உடன் ஆடினர். பெயரின் முதற்பாதி தமக்கு உறவில்லாத ஊருடையது. அந்த ஊரும் அவர்களைத் தன் அணியாக ஏற்றுக்கொள்ளவில்லை. அரங்கில் கூட்டம் சேரவில்லை. பருவம் முடிந்தது; ஏறக்குறைய நான்கு மாத வாழ்வுடன் டேட்டன் ரென்ஸ் முடிந்தது. கால் நூற்றாண்டு கண்ட ரெனசான்ஸ் அணியின் கதையும் அதனுடன் நிறைவுற்றது.

1949 ஆகஸ்ட் 3 அன்று இரு லீக்குகளும் இணைந்தன. பிறந்தது தேசியக் கூடைப்பந்துச் சங்கம், அதாவது இன்றைய என்.பி.ஏ.; மொத்தம் 17 அணிகள். பழைய லீக்கிலிருந்து ஆண்டர்சன், சிரக்யூஸ், ட்ரை-சிட்டீஸ், ஷெபாய்கன், வாட்டர்லூ, டென்வர் ஆகியவை உள்ளே சென்றன. ஆஷ்காஷ், ஹேமண்ட், டேட்டன் ஆகியவை வெளியே நின்றன. வெளியே நின்றவற்றில் வெள்ளை அணிகளும் உண்டு என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சிறு நகரங்களில் பணம் இல்லை; டேட்டனில் கூட்டமும் இல்லை. ஆனால் ஆட்டத்திறன் போதவில்லை என்ற காரணத்தை மட்டும் யாரும் சொல்ல இயலாது. 29 விழுக்காட்டு டென்வர் உள்ளே சென்றது. 35 விழுக்காட்டு ரென்ஸ் செல்லவில்லை. என்.பி.ஏ. என்ற பெயரில் நடந்த முதற்பருவமான 1949–50இல் ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூட இல்லை. உள்ளே சென்ற டென்வர் அந்தப் பருவத்தில் 11–51 என்று ஆடிவிட்டு வெளியேறியது.

நான் முன்வைக்க விரும்பும் வாதம் இங்குதான் தொடங்குகிறது. 1949இல் நிகழ்ந்தது இரண்டு லீக்குகளின் இணைப்பு. ஆனால் இணைந்த இருவரில் ஒருவரின் கடந்தகாலத்தை மட்டுமே என்.பி.ஏ. தன் கடந்தகாலமாக எண்ணுகிறது. 2021–22இல் அது தன் 75ஆம் ஆண்டைக் கொண்டாடியது. அப்படியானால் பிறப்பு 1946. அது பி.ஏ.ஏ. தொடங்கிய ஆண்டு. பி.ஏ.ஏ.வின் வெற்றிகள், தோல்விகள், கோப்பைகள், புள்ளிவிவரங்கள் யாவும் என்.பி.ஏ. வரலாறு. 1937 முதல் 12 பருவங்கள் நடந்த தேசியக் கூடைப்பந்து லீக் வெறும் முன்கதை. லேக்கர்ஸ் 1949இல் பி.ஏ.ஏ.வில் வென்ற பட்டம் கணக்கில் ஏறுகிறது. அதே மைக்கனும் அதே லேக்கர்ஸும் 1948இல் பழைய லீக்கில் வென்ற பட்டம் ஏறுவதில்லை.

இதன் விளைவை இரு குறுவாழ்வு அணிகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். டொராண்டோ ஹஸ்கீஸ் பி.ஏ.ஏ.வில் ஒரே ஒரு பருவம் ஆடியது. 22–38 என்ற கணக்குடன் 1947இல் மறைந்தது. ஆயினும் 1946 நவம்பர் 1 அன்று நியூயார்க் நிக்ஸிடம் அது 66–68 என்று தோற்ற ஆட்டம், ‘என்.பி.ஏ. வரலாற்றின் முதல் ஆட்டம்’ என்று இன்றும் போற்றப்படுகிறது. அரை நூற்றாண்டுக்குப் பிந்தித் தோன்றிய டொராண்டோ ராப்டர்ஸ், ஹஸ்கீஸ் பெயர் பொறித்த உடையணிந்து ஆடியதுண்டு. தோல்வியும் மரபாகலாம் என்பதற்கு இது சான்று. டேட்டன் ரென்ஸும் ஒரே பருவம்தான் ஆடியது. அதன் உடையை அணிய வாரிசு எவருமில்லை. இறந்தபோது இருவரும் சமம். இருந்த லீக் வேறு என்பதால் ஒருவர் மூதாதை ஆனார், மற்றவர் அடிக்குறிப்பு ஆனார்.

‘முதல்’ என்ற சொல்லையும் கவனியுங்கள். என்.பி.ஏ.வில் கறுப்பினத்தவர் நுழைந்தது 1950இல் என்பது பொதுவாக அறியப்பட்ட செய்தி. சக் கூப்பர், நாட் கிளிஃப்டன், ஏர்ல் லாயிட் ஆகிய மூவர் அப்பருவத்தில் வந்தனர். அக்டோபர் 31 அன்று முதலில் களமிறங்கியவர் லாயிட். அவர்களுள் கிளிஃப்டன் முன்பு ரென்ஸ் அணிக்கு ஆடியவர். டேட்டனில் ஆடிய டிசோனியும் அதே பருவத்தில் ட்ரை-சிட்டீஸ் அணிக்காகச் சில ஆட்டங்கள் ஆடினார். ஆனால் தேசியக் கூடைப்பந்து லீக்கில் 1942–43லேயே டொலீடோ, சிக்காகோ அணிகளில் கறுப்பின ஆட்டக்காரர் இருந்தனர். 1946–47இல் கேட்ஸும் டாலி கிங்கும் வெள்ளை அணிகளில் ஆடினர். என்.பி.ஏ.வின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர், 1966இல் பொறுப்பேற்ற பில் ரஸல். கேட்ஸ் டேட்டனில் பொறுப்பேற்றது அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்பு. ரஸலின் பெருமை இதனால் குறையாது. ‘முதல்’ என்ற சொல் தன்னளவில் முழுமை பெறாதது, ‘எதனுள்?’ என்ற கேள்விக்கு விடை வந்தபின்னரே பொருள் தருவது என்பதே என் கருத்து. எதனுள் என்பதை வகுப்பவர் யாரோ, முதல்வரை நியமிப்பவரும் அவரே. 1946ஐப் பிறந்தநாளாக வைத்துக்கொண்ட ஒரு நிறுவனம், ஒதுக்கலை உடைத்த பெருமையையும் 1950 என்ற தன் நாட்காட்டியிலேயே எழுதிக்கொள்கிறது.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரக்கூடும். முதலாவது: என்.பி.ஏ. வேறு லீக்குகளின் கணக்கை எங்குமே சேர்ப்பதில்லை. 1976இல் தன்னுடன் கலந்த ஏ.பி.ஏ.வின் புள்ளிவிவரங்களையும் சேர்க்கவில்லையே. உண்மை. ஆகவே இதை இனவெறி என்ற ஒற்றைச் சொல்லால் விளக்கிவிட முடியாது. ஆனால் 1976இல் நடந்தது நிலைபெற்ற லீக் நான்கு அணிகளைத் தனக்குள் சேர்த்துக்கொண்டது; 1949இல் நடந்தது புதிய பெயர் ஏற்ற இணைப்பு. இணைந்த இருவரில் வலியவரின் பிறந்தநாளை மட்டும் குடும்பத்தின் பிறந்தநாளாக்குவது ஒரு தேர்வு. தேர்வுக்குக் காரணம் கேட்கலாம்.

இரண்டாவது: ரென்ஸ் அணியின் சுற்றுப்பயண ஆட்டங்களுக்கு லீக் ஆட்டங்களைப் போன்ற ஒழுங்கான பதிவுகள் இல்லை, அவற்றை எப்படிப் பட்டியலில் சேர்ப்பது? இதுவும் நியாயமே. ஆனால் டேட்டனின் 40 ஆட்டங்கள் சுற்றுப்பயண ஆட்டங்கள் அல்லவே. அவை ஒரு லீக்கின் அட்டவணைப்படி நடந்து, முடிவுகள் பதிவானவை. ஆவணம் இருக்கிறது, உரிமை கொண்டாட நிறுவனம் இல்லை.

முடியாதது ஒன்றுமில்லை என்பதற்குப் பேஸ்பால் சான்று. 1920 முதல் 1948 வரை இயங்கிய ஏழு கறுப்பின லீக்குகள் பெரிய லீக்குகளே என்று அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் 2020 டிசம்பரில் அறிவித்தது. 2024 மே மாதத்தில் அவற்றின் புள்ளிவிவரங்கள் அதிகாரப்பூர்வப் பதிவேட்டில் சேர்ந்தன. அதன்பின் வாழ்நாள் அடிச்சராசரியில் டை காபின் 0.367ஐத் தாண்டி, ஜாஷ் கிப்சனின் 0.372 முதலிடத்துக்கு வந்தது. பேஸ்பாலின் வரலாறு அதனால் சரிந்துவிடவில்லை.

எனினும் ‘அங்கீகாரம் வழங்கப்பட்டது’ என்ற தொடரை ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. சில வினைகள் வெளிப்படையாகச் சொல்வதைவிடச் சொல்லாமல் உள்ளே புகுத்துவது அதிகம். ‘வழங்குதல்’ என்றால், வழங்குபவரிடம் அது முன்பே இருந்தது, பெறுபவரிடம் இல்லை என்று பொருள்படும். 1939இல் ஆஷ்காஷை வென்றவர்களுக்கு, 1946இல் பிறந்த ஒரு சங்கம் எந்தத் தகுதியை வழங்க முடியும்? கூடைப்பந்துப் புகழவை இந்த அணியை 1963இல் அணியாகவே சேர்த்துக்கொண்டது. டக்ளஸை 1972இலும், கேட்ஸை 1989இலும், ஐசக்ஸை அவர் மறைவுக்குப் பின் 2015இலும் சேர்த்தது. புகழுக்குக் குறைவில்லை. புகழுரை ஒன்று, கணக்கு ஒன்று. விழா மேடையில் போற்றப்படுபவர் குடும்ப அட்டையில் இல்லாமலிருப்பது நம் ஊரிலும் புதிதல்ல. இங்கே தேவைப்படுவது திருத்தம். ஐசக்ஸ் அங்கியில் செய்ததைப் போன்ற திருத்தம்.

ஆகவே என் கோரிக்கை எளியது. தேசியக் கூடைப்பந்து லீக்கின் 12 பருவங்களையும் என்.பி.ஏ. தன் வரலாற்றின் பகுதியாக எழுத வேண்டும். எழுத மனமில்லையெனில், 1946 என்ற ஆண்டு ஒரு தேர்வு என்பதையாவது தன் பதிவேட்டின் முகப்பில் சொல்ல வேண்டும். கூடைப்பந்துத் தரவுகளைத் தொகுப்போர், அந்தச் சாய்கோட்டு வரியை இரண்டாகப் பிரித்து அச்சிட வேண்டும். இதற்குப் புதிய ஆய்வு எதுவும் தேவையில்லை. ஒரு கழித்தல் போதும்.

விளையாட்டில் ஈடுபாடு இல்லாத ஆய்வாளர்களுக்கும் இதில் பங்குண்டு. நாம் பட்டியல்களை நம்பி வாழ்பவர்கள். எண்களைச் சரிபார்க்கிறோம், கூட்டலில் பிழை கண்டால் துள்ளுகிறோம். ஆனால் வரியின் தலைப்பில் இருக்கும் பெயர் ஒரே பொருளைச் சுட்டுகிறதா, நடுவில் எது இணைக்கப்பட்டது, எந்த ஆண்டு ஏன் தொடக்கமானது என்று கேட்பது அரிது. ஒரு பல்கலைக்கழகம் தன் பொன்விழாவை எந்த ஆண்டிலிருந்து எண்ணுகிறது, ஒரு மொழியின் பேசுநர் தொகை எந்தப் பெயரின் கீழ்க் கூட்டப்படுகிறது, ஒரு துறையின் ‘முதல்’ ஆய்வேடு எது என்பன எல்லாம் இதே வகைக் கேள்விகள். நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பல தாய்மொழிகள் ஒரு பெருமொழியின் பெயருக்குக் கீழே தொகுக்கப்படுவதை அறிந்தவர்களுக்கு, டெட்ராய்ட்டின் தோல்விகள் டேட்டனின் பெயரில் கூடியது விந்தையாகத் தோன்றாது. அங்கும் கூட்டல் சரி. எதை எதனோடு கூட்டினார்கள் என்பதே கேள்வி.

ஹார்லெமின் ரெனசான்ஸ் அரங்கு நெடுங்காலம் பாழடைந்து கிடந்து, 2015இல் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ‘ரென்னி’ என்று பெயர் வைத்திருக்கின்றனர். கட்டடத்துக்கு விளம்பரமாகத் தொடங்கிய பெயர், சுற்றி வந்து மீண்டும் கட்டடத்துக்கு விளம்பரமாகிவிட்டது. நடுவில் அந்தப் பெயரைச் சுமந்து ஓடியவர்கள் டேட்டனில் வென்றவை 14, தோற்றவை 26. அவ்வளவையும் அவர்கள் பெயரிலேயே எழுதுவோம். அதற்கு மேல் ஒரு தோல்விகூட அவர்களுடையதன்று.